முதல் நாளில் ஒன்றும் சொல்லக் கூடாது

மேசா, அரிசோனா
ஜனவரி 12, 1997

அன்புள்ள எல்டன் அண்ணாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் உன் பன்றிகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நெப்ராஸ்காவில் பனி முட்டளவு கிடக்கும். இங்கே ஜனவரியில் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு ஆரஞ்சு பறிக்கிறார்கள். வயிறு எரியட்டும்.

கிளினிக் பெரியது. வரவேற்பறையில் சின்ன அருவி ஒன்று கொட்டிக்கொண்டே இருக்கிறது. முதலாளி டாக்டர் பிக்ஸ்பி ஒரு நாளைக்கு எழுபது, எண்பது முதுகு பார்க்கிறார். என் பெயரையும் கதவில் எழுதிவிட்டார்கள், "டாக்டர் லோர்னா நோவோட்னி" என்று. முதுகெலும்பை நெட்டி முறித்து வலி தீர்க்கும் இந்தக் கைரோபிராக்டர் படிப்பை நம் ஊரில் எல்லாரும் கேலி செய்தார்களே, அவர்களை அழைத்து வந்து அந்தக் கதவைக் காட்ட வேண்டும்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். புதிதாகப் படித்து வந்தவர்களுக்கு எங்கேயும் இருப்பதுதான். போகப் போகக் கூடும். என் அறையில் போன் இல்லை, கடிதமே போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
லோர்னா

வில்பர், நெப்ராஸ்கா
ஜனவரி 26

அன்புள்ள லோர்னா,

முழங்கால் அப்படியே இருக்கிறது. மற்றபடி குறையில்லை. உனக்குச் சளி கிளி பிடிக்கவில்லையே?

அருவி பற்றியெல்லாம் எழுதினாய், ரொம்ப சந்தோஷம். சம்பளம் பற்றி ஒரு வரி எழுதினாய், அதில் எண்ணே இல்லை. கூட்டுறவுக் கிடங்கில் காலையில் காப்பி குடிக்கும் கும்பல் என்னை விடமாட்டேன் என்கிறது. "என்னப்பா, நெட்டி முறிக்கறதுக்கு நாலு வருஷம் படிச்சாளே, முறிச்சு எவ்வளவு சம்பாதிக்கறா?" என்கிறார்கள். வருடத்துக்கு அறுபதாயிரம் டாலர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைச் சேர்க்க வந்த கல்லூரிக்காரன் அன்றைக்கு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னது அதுதானே.

இன்னொன்று. எமில் மாமாவும் ஆக்னஸ் அத்தையும் குளிருக்குத் தப்பி நவம்பரிலிருந்து உன் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அப்பாச்சி ஜங்ஷனில், டிரெய்லர் வீடுகள் இருக்கும் இடத்தில். மாமாவுக்கு இடுப்புக்கு மேலே விடாத வலியாம். "நம்ம பொண்ணு டாக்டரா இருக்கும்போது எதுக்கு யோசனை? போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா போன பிறகு உன் பாங்குக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர். கவனித்து அனுப்பு.

இப்படிக்கு,
எல்டன்

மேசா
பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

எமில் மாமாவை இங்கே அனுப்பாதே. கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும். அங்கேயே ஏதாவது நல்ல ஆஸ்பத்திரியில் காட்டச் சொல். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

லோர்னா

வில்பர்
பிப்ரவரி 20

லோர்னாவுக்கு,

என் உடம்புக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது, கோபத்தைத் தவிர.

விதைக் கம்பெனித் தொப்பியும் தோளில் பட்டி மாட்டிய கால்சட்டையுமாக ஒரு கிழவர் உன் அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உனக்குக் கௌரவக் குறைச்சலா? "கூட்டம் அதிகம்" என்று எழுதக் கை எப்படி வந்தது? கூட்டம் அதிகம் என்றால் பணமும் அதிகம்தானே? அப்படியானால் இதற்குப் பதில் சொல். பாங்கிலிருந்து எமில் மாமாவுக்குக் கடிதம் போயிருக்கிறது. நீ இரண்டு தவணை கட்டவில்லையாம். அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. பாங்கில் வேலை செய்யும் பையன் கிடங்கில் வைத்து, நாலு பேர் நடுவில் என்னிடம் கேட்டான். "என்ன எல்டன், அறுபதாயிரத்துல ஒரு தவணைக்குக் கூட மிச்சமில்லையா?" என்று. என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

கடிதம் எழுதினால் உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

எல்டன்

மேசா
மார்ச் 3

அண்ணாவுக்கு,

உண்மைதானே வேண்டும்? உட்கார்ந்து படி.

நான் வந்து சேர்ந்த நாளிலிருந்து முழுதாகப் பத்து முதுகைக் கூடத் தொடவில்லை. காலையில் கடை திறந்ததும் என்னை மாலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். செருப்புக் கடைக்கும், முறுக்கு மாதிரி ரொட்டி சுடும் பிரெட்ஸல் கடைக்கும் நடுவில் ஒரு மேசை. அதன் மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு, கீழே எடை பார்க்கும் கருவி இரண்டு. போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு இடது காலை ஒன்றிலும் வலது காலை இன்னொன்றிலும் வைக்கச் சொல்ல வேண்டும். எவனுக்கும் இரண்டிலும் ஒரே எடை காட்டாது. "பாத்தீங்களா, உங்க முதுகு கோணியிருக்கு" என்று சொல்லி, கிளினிக்கில் எக்ஸ்ரே படம் எடுக்கச் சீட்டுக் கொடுக்க வேண்டும். நாலு வருடம் பிணம் அறுத்துப் படித்தவள் நான். பிரெட்ஸல் விற்கிற பெண் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உப்பில்லாததை இலவசமாகத் தருகிறாள்.

சம்பளம்? சம்பளமே கிடையாது. நான் "தனி ஒப்பந்தக்காரி"யாம். சீட்டோடு போனவன் மொத்தமாகப் பணம் கட்டினால் எனக்கு அதில் ஒரு பங்கு, கட்டாவிட்டால் ஒன்றுமில்லை. ஜனவரியில் கிடைத்தது அறை வாடகைக்கே பற்றவில்லை. பிப்ரவரியில் யாரோ பெரிய தொகை கட்டியிருக்கிறார்கள் போல, ஒரு நல்ல செக் வந்தது. வாடகை பாக்கியும் சாப்பாட்டுக் கடனும் அதை விழுங்கிவிட்டன. பாங்குக்கு மிஞ்சவில்லை.

விட்டுவிட்டு வா என்பாய். கையெழுத்துப் போட்டிருக்கிறேனே! விலகினால் இருபத்தைந்து மைலுக்குள் இரண்டு வருடம் நான் யார் முதுகையும் தொடக் கூடாது. என்னோடு படித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒருத்தி மட்டும் பதில் போட்டாள், அவள் நாய்களுக்கு முடி வெட்டுகிறாள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. நானும் உனக்கு அப்படித்தானே இருந்தேன்?

எமில் மாமாவை ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? பிக்ஸ்பியின் வழக்கம் அப்படி. வந்தவனை முதல் நாள் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். படத்தில் என்ன இருக்கிறது என்று வாய் திறக்கக் கூடாது. "பயம் ஒரு ராத்திரி ஊறணும், லோர்னா. மறுநாள் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வருவான். அவ இருந்தா பணம் கட்டக் கையெழுத்து தானா விழும்" என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். அந்தக் கையில் மாமாவை ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை. அதை எழுத வெட்கமாக இருந்தது, எழுதவில்லை. போதுமா?

பாங்குக்கு எப்படியாவது கட்டுகிறேன். கிடங்கில் அறுபதாயிரம் என்று நீ அளந்ததற்கு நான் பொறுப்பில்லை.

லோர்னா

வில்பர்
மார்ச் 15

அன்புள்ள லோர்னா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் உன் மேல் கோபம், இரண்டாம் தரம் அந்தப் பிக்ஸ்பி மேல், மூன்றாம் தரம் என் மேல். அந்தக் கல்லூரிக்காரனுக்கு நம் வீட்டில் கசகசா வைத்த கொலாச்சே ரொட்டி சுட்டுக் கொடுத்து உபசரித்தோமே, அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம். சரியாகச் சாப்பிடுகிறாயா? உப்பில்லாத பிரெட்ஸலைத் தின்றே காலம் தள்ளாதே. இதோடு கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பினால் கெட்ட கோபம் வரும்.

உன் கடிதம் வந்ததும் எமில் மாமாவுக்குப் போன் செய்தேன். நீ கொஞ்சம் உட்கார்ந்துகொள். அவர் பிப்ரவரி முதல் வாரமே உன்னைத் தேடி வந்திருக்கிறார். பாங்குக் கடிதத்தைப் பற்றி உன்னிடம் பக்குவமாகப் பேசலாம் என்று. கிளினிக்கில் இருந்த பெண், "டாக்டர் லோர்னா இன்னிக்கு வெளிய மக்கள் சேவையில இருக்காங்க" என்றாளாம். எங்கே என்று கேட்டு மாலுக்கே வந்துவிட்டார். நீ ஒரு குண்டு மனிதனை இரண்டு எடைக் கருவி மேல் நிற்க வைத்துக்கொண்டு இருந்தாயாம். "பக்கத்துல போனா அவளுக்கு அவமானமா இருக்கும், எல்டன். அப்படியே திரும்பிட்டேன்" என்றார்.

திரும்பியவர் வீட்டுக்குப் போகவில்லை. கிளினிக்குக்கே போய், "டாக்டர் லோர்னாதான் அனுப்பினாங்கன்னு எழுதிக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். படம் எடுத்தார்கள். மறுநாள் ஆக்னஸ் அத்தையோடு போனார். அறுபது தடவைக்கான பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டார். அதில் உனக்குப் பங்கு வரும், நீ பாங்குக்குக் கட்டுவாய் என்று கணக்குப் போட்டாராம். வாரத்துக்கு மூன்று நாள், நீ மாலில் நிற்கும் நேரத்தில், போய்ப் படுத்து முறித்துக்கொண்டு வருகிறார்.

"வலி எப்படி?" என்றேன். "நடக்கும்போது பரவால்ல. படுத்தாதான் தாங்கல. ராத்திரி நாற்காலியிலயே உக்காந்துக்கறேன்" என்றார். படுத்தால் அதிகமாகும் முதுகு வலியை நான் கேள்விப்பட்டதில்லை. நீதான் படித்தவள், சொல்.

எல்டன்

மேசா
மார்ச் 24

அண்ணா,

நலம் விசாரிக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

உன் கடிதத்தை மாலில்தான் பிரித்தேன்; படுத்தால் கூடுகிற வலி சாதாரண முதுகு வலியில்லை. வலது கால், இடது கால் என்று கூவிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போய் அலமாரியிலிருந்து மாமாவின் படத்தை எடுத்து விளக்குப் பலகையில் மாட்டினேன்.

முதுகெலும்பை முன்பக்கமிருந்து படம் எடுத்தால் ஒவ்வோர் எலும்பும் ஆந்தை முகம் மாதிரி தெரியும். இரண்டு பக்கமும் இரண்டு கண். கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: ஒரு கண்ணைக் காணோம் என்றால் அந்த எலும்பைப் புற்றுநோய் தின்கிறது, முறிக்காதே, தொடாதே, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. மாமாவின் படத்தில் ஒரு கண்ணைக் காணோம். பிக்ஸ்பி எலும்பைப் பார்க்கவே இல்லை. கோணலை அளக்கச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், கோடு அந்தக் காணாமல் போன கண்ணின் மேலேயே போகிறது. கோடு போட்டால்தானே ஆக்னஸ் அத்தைக்குக் காட்டிப் பயமுறுத்த முடியும்!

பிக்ஸ்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது அண்ணா, நான் கவனித்தேன். "அது குடல் வாயு. நிழல் விழுந்திருக்கு" என்றார்.

"வாயுன்னா இன்னொரு படம் எடுத்துப் பாருங்க" என்றேன்.

"இருபத்தி நாலாவது தடவை முடிஞ்சதும் மறுபடம் எடுக்கறதுதான் நம்ம வழக்கம். இப்ப போய்ப் புத்துன்னு சொன்னேன்னா கிழவன் கட்டின காசைத் திருப்பிக் கேப்பான். நீ வாங்கின பங்கையும் கீழ வெக்கணும். தெரியுமில்ல?"

பிப்ரவரியில் வந்த அந்த நல்ல செக். என் வாடகை, என் சோறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், அது மட்டும் தெரியும். படத்தைப் பலகையிலிருந்து உருவிக்கொண்டு நடந்தேன். "அது கிளினிக்கோட சொத்து! இந்த வாசலைத் தாண்டினா உனக்கு இந்த மாநிலத்துலயே பிழைப்பு கிடையாது!" என்று பின்னாலேயே கத்தினார். தாண்டினேன்.

பஸ் பிடித்து அப்பாச்சி ஜங்ஷன் போனபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துச் சொன்னேன். அத்தை அழுதாள். அவர் என்ன கேட்டார் தெரியுமா? "அந்தக் காசுல உனக்குக் கொஞ்சமாவது வந்துச்சா?" என்று கேட்டார். எனக்குத் தரையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமைதான் இடம் கிடைத்தது, நம் ஊர்ப் பக்கம் லிங்கனுக்கு விமானத்தில் அனுப்புகிறேன். நீ போய் அழைத்துக்கொள். படம் அவர் கையில் இருக்கிறது. அவரை யாரும் முதுகில் தட்டிக் கூட வரவேற்க வேண்டாம்.

லோர்னா

வில்பர்
ஏப்ரல் 10

அன்புள்ள லோர்னா,

எமில் மாமா இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிறுநீரகத்தில் ஆரம்பித்து முதுகுக்கு வந்திருக்கிறதாம். லிங்கனில் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கிறார்கள். "இன்னும் நாலு தடவை அந்த இடத்தை முறிச்சிருந்தா எலும்பு நொறுங்கி ரெண்டு காலும் போயிருக்கும்" என்றார் டாக்டர். கைத்தாங்கலாக நடக்கிறார். அறுவடை வரை இருப்பார் என்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பிப்ரவரியிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் என் தோளில் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நீ இன்னும் அந்த அறையில்தான் தங்கியிருக்கிறாயா? என்ன சாப்பிடுகிறாய்? வீட்டுக்கு வா என்று அத்தை மூலம் சொல்லி அனுப்பினேனே, ஏன் பதிலே இல்லை?

இனி சொல்லப் போவது உனக்குப் பிடிக்காது. போன வாரம் பிக்ஸ்பியின் வக்கீல் ஆஸ்பத்திரிக்கே ஒரு காகிதம் அனுப்பினான். கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம், மேலே இன்னும் ஒரு மடங்கும். பதிலுக்கு மாமா இதைப் பற்றி எங்கேயும் வாய் திறக்கக் கூடாது, புகார் கொடுக்கக் கூடாது, மீறினால் வழக்கு. நான் கிழித்துப் போடச் சொன்னேன். மாமா பேனாவைக் கேட்டார். செக் வந்ததும் ஆக்னஸ் அத்தையை பாங்குக்கு அனுப்பி, உன் பாக்கித் தவணையையும் இந்த வருடத்து மிச்சத்தையும் கட்டிவிட்டார். "எனக்கு எதுக்குடா கோர்ட்டு? பொண்ணு நிமிர்ந்து நிக்கட்டும்" என்றார்.

கோபித்துக்கொள்ளாதே என்று எழுத வந்தேன். எனக்கே கோபம் அடங்கவில்லை.

எல்டன்

ஃபீனிக்ஸ்
ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணா,

பிரெட்ஸல் விற்கிற பெண்ணின் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமா தூங்குகிறாரா? வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுங்கள்.

எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தக் காகிதம் எரிய வேண்டும். அவர் கோபப்படுகிற உரிமையை விற்று என் தவணையைக் கட்டினாரா? அவர் முதுகுக்கு அவன் விலை போட்டான், அதில் நான் டாக்டராக நிமிர்ந்து நிற்க வேண்டுமாம்!

எனக்கும் ஒரு காகிதம் வந்தது. படத்தைத் திருடினேன் என்று உரிமம் தரும் வாரியத்தில் பிக்ஸ்பி புகார் கொடுத்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார், இருபத்தைந்து மைல் நிபந்தனையையும் விட்டுவிடுவார். நாளைக்கே இங்கே ஒரு சின்ன அறை எடுத்து என் பெயரை எழுதி மாட்டலாம். மூன்று நாள் அந்தக் காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அலமாரி கண் முன்னாலேயே நிற்கிறது. அதில் எத்தனை படம்! எத்தனை படத்தில் கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எவன் பார்த்தான்? அதில் எத்தனையோ பேரை அனுப்பியவள் நான்.

மாமா வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டார். நான் போடவில்லை. வாரியத்துக்கு ஒன்பது பக்கம் எழுதினேன். அனுமதியில்லாமல் படத்தை எடுத்துப் போனதை எழுதினேன், எடைக் கருவியை எழுதினேன், நான் வாங்கிய பங்கை எழுதினேன். விலாசம் சரி பார்க்க வாரியத்துக்குப் போன் செய்தபோது அங்கிருந்த அம்மாள், "உங்க பேரையும் நீங்களே எழுதறீங்களா? உரிமம் போனாலும் போகும், யோசிச்சுக்கங்கம்மா" என்றாள். யோசித்தேன். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.

மாமாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தைரியமில்லை.

லோர்னா

வில்பர்
மே 4

அன்புள்ள லோர்னா,

இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். சோளம் விதைத்தாகிவிட்டது. சோபாவில் படுத்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே. கெட்டால் நீயே உன்னிடம் காட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று மாமா சொல்லச் சொன்னார். அது நேற்றுச் சொன்னது. அதற்கு முன்னால் சொன்னதையெல்லாம் எழுத முடியாது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடிப்பதற்குள் தண்ணீர் டம்ளரைச் சுவரில் எறிந்தார். "அடி முட்டாளே! உனக்காகத்தானேடி கையெழுத்துப் போட்டேன்! போட்டதை இப்படி மண்ணாக்கிட்டியே!" என்று என்னைப் பார்த்து, நான்தான் நீ என்பது போலக் கத்தினார். செவிலி ஓடி வந்தாள். அவளையும் திட்டினார். இரண்டு நாள் ஆக்னஸ் அத்தை கொண்டுவந்த சூப்பைக் கூடத் தொடவில்லை.

நேற்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, தலையணையை உயர்த்தி உட்கார வைக்கச் சொன்னார். "அந்த அலமாரியைப் பத்தி எழுதியிருந்தாளே, அதை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். "காகிதம் எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. வாரியத்துக்கு" என்றார்.

"மாமா, நீங்க வாயைத் திறந்தா கேஸ் போடுவேன்னு அவன் எழுதி வாங்கியிருக்கான். பணத்தையெல்லாம் திருப்பிக் கேப்பான்" என்றேன்.

"போடட்டும்டா" என்றார். "சீக்கிரமா போடச் சொல்லு. எனக்கு அறுவடை வரைக்கும்தான் நேரம்."

அவர் சொல்ல, நான் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்தக் கடிதத்தோடு அதுவும் இன்றே கிளம்புகிறது.

உன் அண்ணன்,
எல்டன்